மழைநீர் அமைப்புக்கும் கமிஷனிங் வேண்டுமா? வில்லுக்குறிக் கட்டடத்துக்கு ஒரு விரிவான பதில்

கேட்டவர் சொன்ன விவரம் இவ்வளவு: வில்லுக்குறிப் பக்கம் மூன்று மாடி அலுவலகக் கட்டடம், பூச்சு வேலை முடியும் நிலை. பசுமைக் கட்டடச் சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். மொட்டை மாடி 600 சதுர மீட்டர். எட்டு நான்கு அங்குலப் பைப்புகள், 40,000 லிட்டர் சம்ப், மனையின் மேல்பக்கம் ஒன்றும் கீழ்பக்கம் ஒன்றுமாக, மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் இரண்டு ரீசார்ஜ் கிணறுகள். மேல்பக்கம் செம்மண் மேடு, கீழ்பக்கம் முன்பு வயலாக இருந்து மண்ணடித்து நிரப்பிய இடம். சம்ப் தண்ணீர் கழிப்பறை ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும். மழைநீர் அமைப்புக்குத் தனி கமிஷனிங் அறிக்கை, அதாவது பயன்பாட்டுக்கு விடும் முன் ஓட்டிச் சோதித்துப் பார்த்ததற்கான அறிக்கை, வேண்டும் என்கிறார் ஆலோசகர். "மழ பெய்ஞ்சா தண்ணி அது பாட்டுக்குக் குழிக்குப் போவும் சார், இதுல என்னத்த டெஸ்ட் பண்ண?" என்கிறார் ஒப்பந்தக்காரர். யார் சொல்வது சரி, உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி.

ஆலோசகர் சொல்வதுதான் சரி. ஆனால் ஒப்பந்தக்காரரின் எரிச்சலுக்கும் காரணம் இருக்கிறது. மழைநீர் கமிஷனிங் என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது, கிணற்று மூடியைத் திறந்து ஒரு போட்டோ, பைப்புக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ, நாலு கையெழுத்து. அதைத்தான் அவர் பார்த்திருப்பார். ஏசிக்கும் லிஃப்டுக்கும் ஸ்விட்சைப் போட்டு ஓட்டிப் பார்க்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. மழைநீர் அமைப்புக்கு ஸ்விட்ச் இல்லை என்ற ஒரே காரணத்தால் அதை ஓட்டிப் பார்க்காமலே வாங்கிக்கொள்கிறோம். என் கருத்து இதுதான்: மாடியில் விழுகிற தண்ணீர் கடைசியாக மனையை விட்டு வெளியேறும் இடம் வரை முழுப் பாதையிலும் ஒரு தடவையாவது உண்மையான தண்ணீரை, உண்மையான வேகத்தில் விட்டுப் பார்க்காத அமைப்பு முடிந்த அமைப்பு அல்ல. மற்ற காகிதமெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மழையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சோதனையின் காலமும் அளவும் அதிலிருந்துதான் வருகின்றன. ஆண்டுச் சராசரி 1,400 மி.மீ.க்குச் சற்று மேல். சென்னையிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான் பெய்கிறது. ஆனால் அங்கே பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். நமக்கு இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு, நடுவில் சித்திரைக் கோடைமழையும் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நாஞ்சில் நாட்டில் நடந்ததே இதனால்தான். ஆகவே இங்கே ஒரு சம்ப் வருடத்தில் பல தடவை நிரம்பிக் காலியாகும். சென்னைக்காரர்கள் போல எல்லாவற்றையும் மண்ணுக்குள் அனுப்பியாக வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. சேமித்துப் பயன்படுத்துவது இங்கே நன்றாகவே கணக்குக்கு ஒத்துவரும். "இவ்வளவு மழை பெய்யுற ஊர்ல இது எதுக்கு?" என்று கேட்பவர்கள், மாசி பங்குனியில் மேட்டுப்பகுதிக் கிணறுகளையும் நாகர்கோவிலுக்குத் தண்ணீர் கொடுக்கும் முக்கடல் அணையையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

உங்கள் கணக்கு: ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். கான்கிரீட் மாடியில் 80 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்தால், 50 மி.மீ. பெய்த நாளில் 24,000 லிட்டர். சம்ப் நிரம்ப 83 மி.மீ. போதும், அடைமழைக் காலத்தில் அது இரண்டு நாள் வேலை. அலுவலகத்தில் ஒருவருக்கு ஃப்ளஷுக்கு நாளைக்கு 20 லிட்டர் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. 80 பேர் என்றால் 1,600 லிட்டர். நிரம்பிய சம்ப் 25 நாள் தாங்கும். இந்த எண்களை ஒரு பக்கத்தில் எழுதி, உரிமையாளராக நீங்களும் வடிவமைத்தவரும் முதலில் கையெழுத்திடுங்கள். எதை எதிர்பார்க்கிறோம் என்று எழுதி வைக்காவிட்டால், பிறகு எது தேறியது, எது தேறவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இனி வேலைக்கு வருவோம். பைப்புகளை மறைக்கும் சுவரும் ஃபால்ஸ் சீலிங்கும் தரை ஓடும் வருவதற்கு முன் ஒரு சுற்று பார்த்தாக வேண்டும். கட்டுமானக் காலத்தில் பைப்புக்குள் கல், சாந்து விழாமல் இருக்க வாயில் காலி சிமெண்ட் சாக்கைச் சுருட்டிச் செருகி வைப்பது நம் கொத்தனார்களின் வழக்கம். நல்ல வழக்கம்தான். எடுக்க மறந்துவிடுவதுதான் தொல்லை. மேலிருந்து டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியாது. சாக்கு ஓர் அடி கீழே வளைவில் போய் உட்கார்ந்திருக்கும், அதன் மேல் சாந்துப்பால் இறங்கி இறுகி, சாம்பல் நிற மூடி மாதிரி ஆகியிருக்கும். பக்கெட்டில் தண்ணீர் ஊற்றினால் ஓரமாகக் கசிந்து கீழே வந்து "போவுது சார்" என்று காட்டும். அடைமழையில் அதே பைப் ஐந்து நிமிடத்தில் மாடியைக் குளமாக்கும். ஆகவே பக்கெட் சோதனையை ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பைப்பிலும் மேலிருந்து கயிற்றில் கட்டிய ஒரு துணிப்பந்தை இறக்கி, கீழே அது முழுசாக வெளியே வருவதைப் பாருங்கள். படுக்கைப் பைப்புகளில் 100-க்கு 1 என்ற சரிவு இருக்கிறதா என்று மட்டம் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் திறந்து சுத்தம் செய்ய வாய் இருக்கிறதா, ஓடு ஒட்டிய பிறகும் அதைத் திறக்க முடியுமா என்று கேளுங்கள்.

பைப்பின் அளவையும் இப்போதே பேசிவிடலாம். மொட்டை மாடி மழைநீர் சேகரிப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 15797-இல் ஓர் அட்டவணை உண்டு. 100 மி.மீ. (நான்கு அங்குல) பைப் ஒன்று, மணிக்கு 50 மி.மீ. மழை என்றால் சுமார் 85 சதுர மீட்டர் மாடியைத் தாங்கும், 75 மி.மீ. மழை என்றால் 57, 100 மி.மீ. மழை என்றால் 43 சதுர மீட்டர் மட்டுமே. உங்கள் 600 சதுர மீட்டருக்கு எட்டு பைப் என்றால் ஒன்றுக்கு 75 சதுர மீட்டர். சாதாரண மழைக்குப் போதும். நம் ஊரில் இடியோடு கொட்டும் ஐப்பசி மாலை மழைக்குப் போதாது. பைப்பைக் கூட்ட முடியாத நிலையில் இருந்தால், குறைந்தபட்சம் கைப்பிடிச் சுவரில், மாடித் தளத்துக்கு இரண்டு அங்குலம் மேலே, அவசர வடிகால் துவாரங்கள் வையுங்கள். தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்குவதைவிட வெளிச்சுவர் வழியாக இறங்குவது நல்லது. சோலார் பலகைகள் வந்த பிறகு தண்ணீர் ஒரே வரிசையில் கொட்டி ஒரு மூலைக்கே ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம். பங்கீடு காகிதத்தில் இருப்பது போல இருக்காது.

அடுத்தது டேங்கர் சோதனை. என்னைக் கேட்டால் கமிஷனிங்கின் உயிரே இதுதான். ஒரு பைப்புக்கு 75 சதுர மீட்டர், மணிக்கு 100 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 125 லிட்டர். பத்து நிமிடம் தொடர்ந்து விட 1,250 லிட்டர். எட்டு பைப்புக்கும் சேர்த்து 10,000 லிட்டர், ஆக ஒரு 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் போதும். அந்தத் தண்ணீர் எங்கும் போய்விடாது, கடைசியில் உங்கள் சம்புக்குத்தான் வரும். அதே தண்ணீரைப் பம்ப் வைத்து மேலேற்றி அடுத்த சோதனைக்குப் பயன்படுத்தலாம். பைப்பின் வாயில் நேராக ஹோஸைச் செருகாதீர்கள். மாடியின் எதிர் ஓரத்தில் விடுங்கள். தண்ணீர் தளத்தில் ஓடி வரட்டும். அப்போதுதான் தளஓட்டுச் சரிவு சரியா, எங்கே தேங்குகிறது, பைப் வாயில் உள்ள ஜாலியைச் சுற்றிச் சுழல்கிறதா என்பதெல்லாம் தெரியும். ஒரு கை நிறையத் தென்னஓலைச் சருகும் மாவிலையும் போட்டு விடுங்கள். தட்டையான ஜாலி என்றால் நிமிடத்தில் அடைபடும், குவிந்த ஜாலி என்றால் பிழைத்துக்கொள்ளும். இந்தச் சோதனை நடக்கும்போது ஆளுக்கொரு இடமாக மாடியில் ஒருவர், ஒவ்வொரு தளத்திலும் பைப் இறங்கும் டக்ட்டில் ஒருவர், ஃபில்டரில் ஒருவர், சம்பில் ஒருவர் நிற்க வேண்டும். எல்லோரும் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தால் கசிவைக் கண்டுபிடிப்பவர் இருக்க மாட்டார்.

ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் பற்றி. நம் ஊரில் அதிகமாக ஏமாற்றப்படும் உறுப்பு இது. முதல் மழையில் மாடித் தூசியும் காக்கை எச்சமும் கரைந்து வரும் தண்ணீரைத் தனியே ஒதுக்குவது இதன் வேலை. ஒன்றரை மி.மீ. மழையை ஒதுக்க வேண்டும் என்று வைத்தால், உங்கள் ஒரு பைப்புக்கு 110 லிட்டருக்கு மேல். கடைகளில் விற்பது, நான்கு அங்குலப் பைப்பில் ஒரு மீட்டர் துண்டும் அடியில் ஒரு மூடியும். அதில் பிடிப்பது எட்டரை லிட்டர். பத்தில் ஒரு மி.மீ. மழைக்கே நிரம்பி, மீதி அழுக்கு முழுக்க சம்புக்குப் போகும். பைப்புக்கு ஒரு 200 லிட்டர் நீல டிரம் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பார்க்க அழகாக இருக்காது என்று ஆர்க்கிடெக்ட் முகம் சுளிப்பார், அவ்வளவுதான்.

அளவுக்கு அடுத்து, அது எவ்வளவு நேரத்தில் காலியாகிறது என்று பாருங்கள். அடியில் உள்ள சின்ன ஓட்டை வழியாகச் சொட்டிச் சொட்டி ஏறத்தாழ ஒரு நாளில் காலியாக வேண்டும். ஒரு மணி நேரத்தில் காலியானால், ஆனி ஆடிச் சாரல் விட்டுவிட்டுப் பெய்யும்போது ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரையே வெளியே கொட்டிக்கொண்டிருக்கும். காலியாகவே இல்லை என்றால் அடுத்த மழைக்கு அது இருந்தும் பயனில்லை. நிரப்பி, உள்ளே மிதக்கும் பந்து மேலேறி வாயை மூடுகிறதா என்று பார்த்து, மறுநாள் காலையில் திறந்து பாருங்கள்.

ஃபில்டரை விற்பவர் "600 சதுர மீட்டருக்குப் போதும்" என்பார். எந்த வேக மழைக்கு என்று கேளுங்கள். மணிக்கு 100 மி.மீ. என்றால் உங்கள் மாடி முழுவதிலிருந்தும் நிமிடத்துக்கு 1,000 லிட்டர் வரும். அதைத் தாங்காத ஃபில்டர் என்றால் மிச்சத்துக்கு பைபாஸ் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஜல்லி, மணல் அடுக்கு என்றால் போடுவதற்கு முன் கழுவினார்களா என்பதே முக்கியமான கேள்வி. இப்போது ஆற்று மணலுக்குப் பதிலாக எம்-சாண்டைப் போட்டுவிடுகிறார்கள். அதில் உள்ள கல்தூள் இரண்டு மழையில் அடியில் இறங்கிக் களிபோல இறுகிவிடும். டேங்கர் சோதனையில் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து வெயிலில் தூக்கிப் பாருங்கள். பின்னால் வருவது முன்னால் வருவதைவிடக் கலங்கலாக இருந்த கட்டடங்கள் உண்டு.

சம்பை மூடி மண் தள்ளுவதற்கு முன் நிரப்ப வேண்டும். ஏழு நாள் நிரப்பி வைத்து கான்கிரீட்டை ஊறவிட்டு, அதன் பிறகு மட்டத்தைக் குறித்து இன்னும் ஏழு நாள் கவனிப்பது தண்ணீர்த் தொட்டிகளுக்கான நடைமுறை. "அவ்வளவு நாள் ஆவும் சார்" என்பார்கள். ஆகட்டும். இந்தச் சோதனைத் தண்ணீரை அப்படியே பயன்பாட்டுக்கு விட வேண்டாம். புது சிமெண்டில் நின்ற தண்ணீரின் பிஹெச் 9-க்கு மேலே போகும், செடிக்கும் ஆகாது. வெளியே கான்கிரீட் தளம் போடும் வேலைக்கு, க்யூரிங்குக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பிறகு சம்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துவிட்டு மழைத் தண்ணீரை ஏற்றுங்கள்.

வயல் நிரப்பிய பக்கத்தில்தான் உங்கள் சம்ப் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். அப்படியானால் ஒரு எச்சரிக்கை. ஐப்பசியில் அங்கே நிலத்தடி நீர் ஓர் ஆள் ஆழத்துக்கு முன்பே வந்து நிற்கும். 5 மீட்டருக்கு 4 மீட்டர் சம்பைச் சுற்றி ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், அது சம்பைக் கீழிருந்து மேலே தள்ளும் விசை 30 டன். மேல் ஸ்லாப் போடாத நிலையில், உள்ளே காலியாக இருக்கும்போது மழை பிடித்தால், சம்ப் மிதந்து சாய்ந்துவிடும். அடைமழைக் காலத்தில் சுத்தம் செய்கிறேன் என்று முழுக்கக் காலி செய்யக் கூடாது என்பதை வாட்ச்மேனுக்குக் கொடுக்கும் தாளில் முதல் வரியாக எழுதுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் தப்புகள். தெரியாமல் இருந்துகொண்டே அமைப்பைப் பயனற்றதாக்கும் ஒன்று, கூடுதல் தண்ணீர் இணைப்பு. மழை இல்லாத மாதங்களுக்காகக் குடிநீர் இணைப்பையோ போர் தண்ணீரையோ சம்புக்குக் கொடுத்திருப்பார்கள். பிளம்பர் வழக்கம்போல மிதவை வால்வை மேல்மட்டத்தில் வைப்பார். அதாவது சம்ப் எப்போதும் போர் தண்ணீரால் நிறைந்தே இருக்கும். மழை பெய்யும்போது இடமே இருக்காது, எல்லாம் ஓவர்ஃப்ளோவில் போகும். வெளியிலிருந்து பார்த்தால் "சம்ப் நிறைஞ்சிருக்கு, மழைநீர் அமைப்பு அருமை" என்று தோன்றும். கூடுதல் தண்ணீர் வால்வு அடிமட்டத்தில், பத்துப் பதினைந்து சதவீதம் தண்ணீர் மிஞ்சும்போது மட்டும் திறந்து, கொஞ்சம் ஏறியதும் மூட வேண்டும். சோதிக்கும் விதம்: சம்பைப் பாதியில் வைத்து, போர் மோட்டாரைப் போடுங்கள். ஒரு சொட்டும் உள்ளே வரக் கூடாது. பிறகு அடிமட்டத்துக்கு இறக்குங்கள், அப்போது வர வேண்டும். பம்ப் தண்ணீரில்லாமல் ஓடாதபடி தானாக நிற்கிறதா என்பதையும் அதே தடவையில் பார்த்துவிடலாம்.

அந்தக் கூடுதல் தண்ணீர் பைப்பின் முனை, சம்பின் உச்ச நீர்மட்டத்துக்கு மேலே, காற்று இடைவெளி விட்டு முடிய வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கி இருந்தால், குடிநீர் லைனில் அழுத்தம் குறையும் நேரத்தில் சம்ப் தண்ணீர் அதற்குள் உறிஞ்சப்படும். மேலே, ஃப்ளஷ் லைனும் கை கழுவும் லைனும் எங்காவது ஒன்றாகக் கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சாயச் சோதனை செய்யுங்கள். சம்பிலிருந்து ஏறும் மேல்தொட்டியில் சமையலுக்குப் போடும் கேசரி நிறத்தைக் கொஞ்சம் தாராளமாகக் கலக்கி, கட்டடத்தின் எல்லாக் குழாய்களையும் திறந்து ஓட விடுங்கள். ஃப்ளஷில் மட்டும் நிறம் வர வேண்டும். வாஷ்பேசினில் வந்தால் சுவரை உடைக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை. ஆட்கள் குடியேறிய பிறகு உடைப்பதைவிட இப்போது உடைப்பது மலிவு. யாராவது இந்தத் தண்ணீரைக் குடிக்கவும் பயன்படுத்த நினைத்தால் கதை வேறு: ஐஎஸ் 10500 குடிநீர்த் தரநிலைப்படி 100 மில்லி லிட்டரில் ஈ.கோலை இருக்கவே கூடாது, கலங்கல் 1 என்டியு-வுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். கிருமி நீக்கம் இல்லாமல் அது நடக்காது. ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும் என்றால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

ரீசார்ஜ் கிணறுகளுக்கு வருவோம். ஒரே மனையில் இரண்டு மண் இருப்பதால் உங்கள் கேள்வி எனக்குப் பிடித்துப்போனது. நம் மாவட்டம் முழுக்க இதே கதைதான்: கல்குளம், விளவங்கோடு பக்கம் செம்மண்ணும் வெட்டுக்கல்லும், நாஞ்சில் நாட்டு வயல்களில் களி, குளச்சல், மணவாளக்குறிச்சி கரையில் மணல். ஐந்து கிலோமீட்டரில் மண் மாறிவிடும், ஆனால் வரைபடத்தில் ரீசார்ஜ் கிணறு மட்டும் எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் வரும். 2003-இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கெடுவுக்குள் முடிக்க அவசர அவசரமாகத் தோண்டிய குழிகளில் மண்ணைப் பார்த்துத் தோண்டியவை எத்தனை என்று அவரவர் வீட்டுக் குழியைத் திறந்து பார்த்தாலே தெரியும்.

உங்கள் மேல்பக்கக் கிணறு நான்கடி விட்டம், மூன்று மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். காலியாக இருந்தால் 3,400 லிட்டர் பிடிக்கும். இரண்டு பைப் அதில் இறங்கினால் நிமிடத்துக்கு 250 லிட்டர். பதினாலு நிமிடத்தில் நிரம்பிவிடும். அதையே ஜல்லி போட்டு நிரப்பியிருந்தால் இடுக்குகளில் பிடிப்பது 1,300, 1,400 லிட்டர்தான், ஐந்தாறு நிமிடத்தில் நிரம்பிவிடும். ஆகவே ஜல்லியை அடியில் ஓர் அடிக்கு மட்டும் போட்டு மீதியைக் காலியாக விடச் சொல்லுங்கள். உறிஞ்சும் வேகத்தைச் சோதிக்க, முதல் நாள் மாலையே தண்ணீர் விட்டு மண்ணை ஊறவிடுங்கள். காய்ந்த மண் எவ்வளவு விட்டாலும் குடிக்கும், அந்த எண் பொய். மறுநாள் நிரப்பி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டத்தை அளக்கவும். அந்த விட்டத்தில் பத்து சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 113 லிட்டர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். பத்து நிமிடத்தில் அவ்வளவு இறங்கினால் நிமிடத்துக்கு 11 லிட்டர். வருவது 250, போவது 11. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் கிணற்றுக்கும் ஓவர்ஃப்ளோ வேண்டும் என்பது உறைக்கும்.

கீழ்பக்கக் கிணற்றைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன்: அது வேண்டாம். கோடையில் சோதித்தால் தேறிவிடும், ஐப்பசியில் அதுவே ஊற்றுக் கிணறாக நிற்கும். ஏற்கெனவே நீர் தளும்பும் களிமண்ணில் நீரை நிரப்ப முடியாது. அந்தச் செலவை மேல்பக்கம் இன்னொரு கிணற்றுக்கோ சம்பைப் பெரிதாக்கவோ பயன்படுத்துங்கள். சான்றுக்கு எண்ணிக்கை காட்ட வேண்டும் என்று ஆலோசகர் வற்புறுத்தினால், அடைமழைக் காலத்து நீர்மட்ட அளவைக் கொடுத்து வடிவமைப்பைத் திருத்தச் சொல்லுங்கள். சான்று தருபவர்கள் கேட்பது எத்தனை கிணறு என்பதல்ல, எவ்வளவு நீரைக் கையாள்கிறீர்கள் என்பதே.

கடைசியாக, மிஞ்சும் தண்ணீர். எட்டு நான்கு அங்குலப் பைப்புகள் கொண்டுவரும் சம்புக்கு ஒரே ஒரு மூன்று அங்குல ஓவர்ஃப்ளோ வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். குறுக்குவெட்டுப் பரப்பில் உள்ளே வருவது பதினாலு மடங்கு. மிச்சம் எங்கே போகும்? மூடி வழியாகப் பொங்கி, பம்ப் ரூமுக்குள் போகும். ஒக்கி புயல் 2017 நவம்பர் கடைசியில் அடித்ததையும், 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் கொட்டியதையும் பார்த்தவர்கள் நாம். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்த மழைக்கு எந்த அமைப்பும் வடிவமைக்கப்படுவதில்லை, ஆனால் வெளியே போகும் வழி இருக்க வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: ஓவர்ஃப்ளோ போய்ச் சேரும் தெருச் சாக்கடையோ ஓடையோ மழைக்காலத்தில் எந்த மட்டம் வரை ஏறும்? அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். அந்த மட்டம் உங்கள் ஓவர்ஃப்ளோவுக்கு மேலே இருந்தால், சாக்கடை சம்புக்குள் திரும்பி வரும். பின்னோட்டத் தடுப்பு மடல் கட்டாயம். டேங்கர் சோதனையில் சம்பை விளிம்பு வரை நிரப்பிய பிறகும் ஐந்து நிமிடம் தொடர்ந்து விடச் சொன்னால் இதெல்லாம் அன்றைக்கே வெளிப்படும். பெரும்பாலானவர்கள் சம்ப் நிறைந்ததும் சோதனையை நிறுத்திவிடுகிறார்கள். ஓவர்ஃப்ளோ வாயிலும் காற்றுப் போக்கியிலும் கொசுவலைக் கம்பி இருக்கிறதா என்பதைக் கையால் தொட்டுப் பாருங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும்.

இதைப் படிக்கும் வேறு ஊர்க்காரர்களுக்குச் சில வரிகள். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு என்றால், தை மாசியில் இலை உதிர்ந்து முடிந்த பிறகு ஜாலிகளையும் ஓட்டுக் கூரையின் ஓர வாய்க்காலையும் திரும்பச் சோதியுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் மழை சாய்ந்து வரும். தகரக் கூரையிலிருந்து தண்ணீர் ஓர வாய்க்காலைத் தாண்டி விழும், அதை டேங்கர் காட்டாது, உண்மையான மழைதான் காட்டும். கடற்கரையில் இரும்புக் கிளாம்பு இரண்டு வருடம் தாங்காது, துருப்பிடிக்காத எஃகோ பிளாஸ்டிக்கோ போடுங்கள். அங்கே கூரையில் உப்பும் படியும் என்பதால் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் அளவைக் கூட்டவும். கரையோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய அடுக்காக மிதப்பதால், ஆழ்துளைக்குள் இறக்காமல் ஆழமில்லாத கிணற்றில்தான் விட வேண்டும். மாடியில் மரச்சீனிக் கிழங்கு, கொப்பரை காயவைப்பவர்கள் அந்த மாதங்களில் சம்புக்குப் போகும் வால்வை மூடி வைக்கலாம்.

காகிதத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எந்தச் சான்று என்பதைப் பொறுத்துப் படிவம் மாறும். லீட், ஐஜிபிசி, கிரிஹா மூன்றும் ஒரே மாதிரி கேட்பதில்லை, ஆலோசகரிடம் படிவத்தை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். சோதனையை நடத்துபவர் பைப் போட்டவராக இருக்கக் கூடாது என்பது மட்டும் எல்லா இடத்துக்கும் பொருந்தும். சம்பிலிருந்து ஏறும் லைனில் ஒரு மீட்டரும், கூடுதல் தண்ணீர் லைனில் ஒரு மீட்டரும் வேண்டும். இரண்டும் இல்லாமல் மழைநீர் எவ்வளவு மிச்சப்படுத்தியது என்று யாரும் நிரூபிக்க முடியாது. வாட்ச்மேனுக்கும் பிளம்பருக்கும் கொடுக்கும் பராமரிப்புக் குறிப்பு தமிழில், ஒரே தாளில், லேமினேட் செய்து பம்ப் ரூம் கதவில் இருக்கட்டும்.

கால அட்டவணை: மறைக்கும் முன் பார்ப்பது இப்போதே. சம்ப் கசிவுச் சோதனையும் டேங்கர் சோதனையும் சித்திரைக்குள். இடவப்பாதி தொடங்கியதும் முதல் நல்ல மழையில் மாடியிலும் ஃபில்டரிலும் ஆள் நிறுத்தி ஒரு சுற்று. நிலத்தடி நீர் உச்சத்தில் இருக்கும் நவம்பரில், கிணறுகளையும் ஓவர்ஃப்ளோ மட்டத்தையும் இன்னொரு சுற்று. இந்த நவம்பர் சுற்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், ஏனென்றால் அதற்குள் கட்டடம் திறந்து, பில் தீர்ந்து, ஒப்பந்தக்காரர் அடுத்த சைட்டுக்குப் போயிருப்பார். எனவே பிடித்தம் வைக்கும் ஐந்து சதவீதத் தொகையில் மழைநீர் வேலைக்கு உரிய பங்கை நவம்பர் சோதனை அறிக்கையோடு மட்டுமே விடுவிப்பது என்று ஒப்பந்தத்தில் இப்போதே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். "என்னத்த டெஸ்ட் பண்ண?" என்று கேட்டவரே அன்றைக்குக் குடையோடு மாடியில் நிற்பார்.